புகை விதி வேறு, எரிபொருள் கணக்கு வேறு: இராமநாதபுரக் கடற்கரையில் கார் வைத்திருப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பி.எஸ்.6 (பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகை விதி) கார் என்றால் டீசல் குறைவாகப் பிடிக்கும் என்ற நம்பிக்கை தொண்டியிலிருந்து சாயல்குடி வரை பலரிடம் இருக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 விதி, நைட்ரஜன் ஆக்சைடு, நுண்துகள், கார்பன் மோனாக்சைடு போன்ற நச்சுகளுக்கே வரம்பு விதிக்கிறது. டீசல் காருக்கு கிலோமீட்டருக்கு 0.25 கிராமாக இருந்த நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு அதில் 0.08 கிராமாக இறங்கியது. மைலேஜுக்கு அதில் இடமில்லை. எரிபொருளோடு நேராகப் பிணைந்தது கரியமில வாயு: ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ வெளிவரும், டீசலில் அதைவிடக் கூடுதல். அதற்கான வரம்பு 2001ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் கீழ் தனியாக வகுக்கப்பட்டுள்ளது.

அந்த வரம்பு 2022-23 முதல் கிலோமீட்டருக்கு 113 கிராம் கரியமில வாயு, அதாவது பெட்ரோல் காரில் லிட்டருக்குச் சுமார் 21 கிலோமீட்டர். இதை ஒவ்வொரு காரும் எட்டியாக வேண்டும் என்று எண்ணுவது அடுத்த தவறு. ஒரு நிறுவனம் ஓர் ஆண்டில் விற்ற கார்கள் அனைத்தின் சராசரிக்கே விதி பொருந்தும். அவற்றின் சராசரி எடை கூடினால் இலக்கும் சற்றுத் தளரும். ஏற்கெனவே சாலையில் ஓடும் பழைய கார்கள் இக்கணக்கில் வருவதே இல்லை என்பதால், இந்த எண்ணை நாட்டிலுள்ள எல்லாக் கார்களின் நிலவரமாகக் கொள்வதும் பிழையே.

சராசரி போடுவதில்தான் மிகப் பெரிய தவறு நேர்கிறது. இராமேஸ்வரத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு கார் ஓட்டும் ஒருவரிடம் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தரும் பெரிய காரும் 20 தரும் சிறிய காரும் இருந்து, இரண்டும் ஒரே தூரம் ஓடினால், சராசரி 15 என்று தோன்றும். ஆனால் 100 கிலோமீட்டருக்கு முதலாவது 10 லிட்டரும் இரண்டாவது 5 லிட்டரும் குடிப்பதால், 200 கிலோமீட்டருக்கு 15 லிட்டர் செலவாகி, உண்மைச் சராசரி 13.3 ஆகிறது. எந்தக் காரை மாற்றினால் இலாபம் என்ற கேள்வியிலும் இதே மயக்கம் உண்டு. சிறிய காரை 20இலிருந்து 25 தரும் காராக மாற்றினால் 100 கிலோமீட்டருக்கு மிஞ்சுவது ஒரே லிட்டர். பெரிய காரை 10இலிருந்து 12.5 தரும் காராக மாற்றினாலோ இரண்டு லிட்டர் மிஞ்சும். ஆகவே 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று கணக்கிடுவதே நேர்மையான வழி.

நிறுவனம் அறிவிக்கும் மைலேஜ் சோதனைக் கூடத்தில் உருளைகள் மேல் ஓட்டி அளந்தது. அங்கே பாம்பன் காற்று இல்லை. காற்றின் தடை வேகத்தின் இருமடியாக ஏறும். 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் 30 கிலோமீட்டர் எதிர்காற்றைச் சந்தித்தால், காற்று 90 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவதுபோலாகி, தடை 2.25 மடங்காகும். திரும்பி வரும்போது அதே காற்று பின்னிருந்து தள்ளினால் கால் பங்காகக் குறையும் என்றாலும், இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் காற்றில்லாத நாளைவிடச் சராசரித் தடை கால் பங்கு கூடுதலாகவே நிற்கும். எனவே இராமநாதபுரத்தில் டேங்கை நிரப்பி, தனுஷ்கோடி வரை போய்த் திரும்பி, அதே பங்க்கில் மீண்டும் நிரப்பி அளக்க வேண்டும். ஒருவழிப் பயணத்தை வைத்துக் காரைப் புகழ்வதோ பழிப்பதோ சரியன்று.

மைலேஜ் கூடும் என்று சொல்லி டீசல் புகைவடிகட்டியைக் கழற்றச் சிலர் ஆலோசனை கூறுகின்றனர்; இதை நான் வன்மையாக மறுக்கிறேன். குறுகிய ஓட்டங்களால் கரி அடைத்திருந்தால், எச்சரிக்கை விளக்கு எரிந்தவுடன் கையேடு சொல்லும் முறையில் நெடுஞ்சாலையில் சீராக ஓட்டினாலே பெரும்பாலும் எரிந்துவிடும். கழற்றிய கார் புகைச் சான்றிதழ் பெற்றுவிட்டாலும் அது விதிக்கு உட்பட்டதாகாது, ஏனெனில் டீசல் கார்களுக்கான அச்சோதனை புகையின் அடர்த்தியை மட்டுமே பார்க்கிறது. வடிகட்டி பிடிக்கும் நுண்துகள்களின் அளவை அது நேராக அளப்பதில்லை.