நீலகிரியில் நிலத்தை மனையாகப் பிரிக்கப் போகிறீர்களா? கல் நடுவது கடைசி வேலை

கோத்தகிரிப் பக்கமோ குன்னூர்ப் பக்கமோ அப்பா விட்டுப்போன முக்கால் ஏக்கர் தேயிலை இருக்கும். பச்சைத் தேயிலை விலை பறிப்புக் கூலிக்கே சரியாகப் போகிறது, பேசாமல் ஆறு மனையாகப் போட்டுக் கொடுத்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு வரும். உடனே ஒரு சர்வேயரைக் கூட்டிவந்து கல் நட்டுவிடுகிறார்கள். அப்புறம்தான் எல்லாத் தலைவலியும். கோயம்புத்தூரில் சைட் போட்டவர் சொல்லும் வழி இங்கே பாதிதான் செல்லும், மீதிப் பாதியை மலைக்கென்று இருக்கும் சட்டங்கள் தீர்மானிக்கின்றன.

முதலில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகுங்கள். அண்ணன் தம்பி தங்கை ஆளுக்கொரு பாகம் எடுத்துக்கொள்வது வேறு, மனை போடுவது வேறு. குடும்பத்துக்குள் பாகப்பிரிவினைப் பத்திரம் போட்டு, தாலுகா ஆபீஸில் உட்பிரிவு பட்டாவுக்கு மனு கொடுத்தால் நிலம் தோட்டமாகவே இருந்துகொண்டு பெயர் மட்டும் பிரியும். முத்திரைத்தீர்வை 1 சதவீதம், 2023 ஜூலையிலிருந்து ஒரு பாகத்துக்கு அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக்கட்டணம் அதிகபட்சம் 10,000. வெளியாளுக்கு விற்கிற எண்ணம் இப்போதைக்கு இல்லை என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பேன். அதே பாகம் பின்னால் வீடு கட்டவும் ஆகும் என்று நினைத்துவிடாதீர்கள், உட்பிரிவு பட்டா என்பது மனை அங்கீகாரம் இல்லை.

மனைதான் வேண்டும் என்றால் அளவுக்கு முன்னால் நிலத்தின் ஜாதகத்தைப் பாருங்கள். மூலப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, அ-பதிவேடு (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் கிராமப் பதிவேடு), எஃப்எம்பி என்கிற புல அளவு வரைபடம், இவ்வளவும் கையில் வேண்டும். அ-பதிவேட்டில் கண்ணை ஓட்டும்போது சில விஷயங்கள் தென்பட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

ஒன்று, தனியார் காடு. 1949-ம் வருடத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தில் அறிவிக்கப்பட்ட நிலமாக இருந்தால், பட்டா உங்கள் பெயரில் இருந்தாலும் கலெக்டர் தலைமையிலான குழுவின் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. விற்றாலும் செல்லாது. சோலை ஒட்டிய இடம், பழைய எஸ்டேட்டிலிருந்து உடைந்துவந்த துண்டு என்றால் இதைக் கட்டாயம் பாருங்கள். அடுத்து கூடலூர், பந்தலூர். 1969 ஜென்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் 17-வது பிரிவில் வருகிற நிலத்தில் தலைமுறையாகக் குடியிருப்பவருக்கே பட்டா இல்லை, அதில் மனை போட்டு விற்கிறேன் என்று ஒருவர் வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். பெரிய தேயிலைத் தோட்டமாக இருந்தால் இன்னொரு சிக்கல். 1961 நில உச்சவரம்புச் சட்டத்திலிருந்து தோட்டப்பயிர் என்பதற்காகத்தான் அதற்கு விலக்கு கிடைத்திருக்கும், பயிர் போனால் விலக்கும் கேள்விக்குள்ளாகும். மசினகுடி, சீகூர் பக்கம் யானை வழித்தடம். 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே அரசின் அறிவிப்பு சரி என்று சொல்லிவிட்டது. அரசு நிபந்தனையோடு கொடுத்த ஒப்படைப் பட்டாவா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், அதை விற்பதற்கே தடை இருக்கும்.

இதெல்லாம் இல்லை, சொந்தக்காரரே அரசுக்கு நேராகத் தீர்வை கட்டுகிற சுத்தமான ரயத்துவாரிப் பட்டா என்றால் மேலே போகலாம்.

எட்டு மனை வரைக்கும் மனை உட்பிரிவு (முன்னால் சொன்ன உட்பிரிவு பட்டா வேறு), அதற்கு மேல் போனால் லேஅவுட். 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் இப்படித்தான் இருக்கிறது. நிலம் 3,000 சதுர மீட்டருக்குள், அதாவது சுமார் 74 சென்ட்டுக்குள் இருந்தால் பூங்காவுக்கு இடம் விட வேண்டியதில்லை. அதைத் தாண்டினால் சாலை போக மீதியில் 10 சதவீதம் திறந்தவெளி. 10,000 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர், வரைக்கும் அதற்குப் பதிலாகப் பணம் கட்டலாம். அதற்கும் மேலே போனால் இடமாகவே கொடுத்தாக வேண்டும். நிலம் 500 சதுர மீட்டரையும் மனை எட்டையும் தாண்டினால் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவும் கட்டாயம், அது வரும்வரை வாட்ஸ்அப்பில்கூட விளம்பரம் போடக் கூடாது. இந்த மனைக் கணக்கு சமவெளிக்கும் பொது.

மலைக்கே உரியது ஹாக்கா, 1990-ல் அமைத்த மலையிடப் பாதுகாப்புக் குழுமம். நீலகிரி என்றால் ஹாக்கா உண்டு என்றே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். நகர் ஊரமைப்புத் துறையில் விண்ணப்பம் போட்டால் வனத்துறை, புவியியல் மற்றும் சுரங்கத்துறை, வேளாண் பொறியியல் துறை, வருவாய்த்துறை எல்லாம் வந்து பார்த்து கருத்து எழுதும். ஒவ்வொன்றும் தனித்தனி நடை, தனித்தனிக் காத்திருப்பு. முழுமைத் திட்டம் (எந்த இடம் எதற்கு என்று அரசு வரையறுத்த திட்டம்) இல்லாத ஊரில் விவசாய நிலம் என்றால் நிலப்பயன் மாற்றத்துக்கும் சேர்த்து விண்ணப்பிக்க வேண்டும். ஏஜென்ட் 'ஒரு மாதத்தில் முடித்துத் தருகிறேன்' என்றால் நம்பாதீர்கள்.

அவர்கள் வந்து பார்ப்பது சரிவைத்தான். 2009 நவம்பர் மழையில் குன்னூர், கேத்திப் பக்கம் மண் சரிந்து என்ன நடந்தது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வீடு கட்டுவதற்காக அடிவாரத்தை வெட்டிவிட்டால் மேலே உள்ள ஈர மண்ணுக்குப் பிடிமானம் போய்விடும். ஆகவே வரைபடம் போடும்போதே யோசியுங்கள். மனையின் நீளம் சரிவுக்குக் குறுக்கே, சமமட்டத்தை ஒட்டிப் போகட்டும், மேலிருந்து கீழே நாடா மாதிரி நீட்டாதீர்கள், நீட்டினால் வாங்குபவர் வீட்டுக்கு இடம் எடுக்க ஆளுயரத்துக்கு மேல் மண் வெட்ட வேண்டிவரும். பாதையும் அப்படியே, மட்டத்தை ஒட்டி வளைந்து போகட்டும். ஓடை, ஊற்று, சதுப்பு எல்லாவற்றையும் வரைபடத்தில் மறைக்காமல் காட்டுங்கள். மழை இல்லாத மாசி பங்குனியில் காய்ந்து கிடக்கிற ஓடையை மனைக்குள் சேர்த்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஐப்பசியில் அது தன் வழியைத் தேடி வரும்.

பாதை விஷயத்தில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். தேயிலை மூட்டை இறக்க ஜீப் போகிற வழி இருக்கிறதே என்பார்கள். அந்த வழி எஃப்எம்பியில் வண்டிப்பாதையாகக் காட்டியிருக்கிறதா, இல்லை பக்கத்துக்காரர் பட்டாவில் அவர் பெரிய மனதால் விட்டதா? இரண்டாவது என்றால் பதிவு செய்த வழிப்பாதை உரிமை வாங்காமல் ஒரு அடி நகராதீர்கள். அவர் நல்ல மனிதர்தான், அவர் மகன் எப்படி என்று யாருக்குத் தெரியும். உள்ளே நீங்கள் போடும் சாலையை உள்ளாட்சிக்குத் தானப்பத்திரமாக எழுதிக் கொடுக்க வேண்டும், அதில் போகிற சென்ட்டை முன்பே கழித்துவிட்டு விலைக் கணக்குப் போடுங்கள்.

மனை கிடைத்தால் மட்டும் போதாது, அதில் வீடு எழும்ப வேண்டும். இங்கே கட்டட உயரம் 7 மீட்டர்தான். பெரிய கட்டடம் என்றால் கலெக்டர் தலைமையில் கட்டட அமைப்பையும் அழகையும் பார்க்கும் டிரிபிள் ஏ கமிட்டிக்குப் போகும். மூன்று மாடி ரிசார்ட் கனவோடு வருகிறவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பின்னால் சண்டை வராது. மரம் வெட்ட 1955 மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும், சொந்த சில்வர் ஓக் என்ற வாதம் எடுபடாது. ஜேசிபி இறக்கவும் அனுமதி வேண்டும். ராத்திரியில் இறக்கிக் காலைக்குள் முடித்துவிடலாம் என்பவர்களின் வண்டி சீல் வைத்து நிற்பதைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள்.

இத்தனை அலைச்சல் எதற்கு, தோட்டமென்றே பத்து பத்து சென்ட்டாக எழுதிக் கொடுத்துவிடலாமே, அல்லது பிரிபடாத பாகமாகக் கிரயம் செய்யலாமே என்று யாராவது சொல்வார்கள். பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவுப்படி அங்கீகாரம் இல்லாத மனையைப் பதிய முடியாது, 2016 அக்டோபர் 20-லிருந்து இதுதான் நடைமுறை. வேறு பெயரில் எப்படியோ பதிந்துவிட்டாலும் வாங்கியவருக்கு வீட்டு வரைபட அனுமதி கிடைக்காது, வங்கிக் கடன் கிடைக்காது, கடைசியில் உங்கள் வாசலில்தான் வந்து நிற்பார்.

அந்தத் தேதிக்கு முன்னாலேயே வீட்டுமனை என்று பதிவான துண்டை மறுபடி விற்கலாம், ஆனால் வீடு கட்ட வரன்முறை, அதாவது அங்கீகாரம் இல்லாத பழைய மனையை முறைப்படுத்தும் ஒப்புதல், வேண்டும். மலைப்பகுதிக்கென்று தனி வரன்முறை விதிகள் 2020-ல் வந்தன, கெடுவை நீட்டித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள், இப்போது திறந்திருக்கிறதா என்று நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுங்கள்.

ஒப்புதல் எண் வந்த பிறகு சர்வேயரைக் கூப்பிட்டு, ஒப்புதல் வரைபடத்தில் உள்ள அளவுக்குக் கல் நடுங்கள். ஒவ்வொரு கிரயத்தோடும் உட்பிரிவுக் கட்டணத்தையும் கட்டி, வாங்குபவர் பெயருக்குத் தனிப்பட்டா ஆகும்வரை கூட இருந்து முடித்துக் கொடுங்கள். பாதையின் தானப்பத்திரத்தில் ஒரு நகலை ஒவ்வொருவர் பத்திரத்தோடும் வைத்துவிடுங்கள்.