ஊர் அணி கைவிட்டுப் போகுமுன் கவனிக்க வேண்டியவை: ஃபீனிக்ஸ் கயோட்டீஸை இழந்த விதம்

2024 ஏப்ரல் 17 அன்று இரவு, அமெரிக்காவின் அரிசோனா கயோட்டீஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணி, ஃபீனிக்ஸை அடுத்த டெம்பி நகரிலுள்ள பல்கலைக்கழக அரங்கம் ஒன்றில் எட்மன்டன் ஆயிலர்ஸை 5-2 என்ற கணக்கில் வென்றது. மறுநாளே, வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீகான என்.எச்.எல்.-இன் ஆளுநர் குழு (அணி உரிமையாளர்களின் பிரதிநிதிகள் அடங்கியது), அந்த அணியின் வீரர்களையும் பயிற்சியாளர்களையும் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டிக்கு மாற்றும் ஏற்பாட்டுக்கு ஒப்புதல் அளித்தது. 1996 முதல் 28 ஆண்டுகள் ஃபீனிக்ஸ் பெருநகரப் பகுதியில் இருந்த அணி, ஒரு வெற்றியோடு விடைபெற்றது. அந்த இழப்பு ஒரே வாரத்தில் நேர்ந்ததுபோல் தோன்றினாலும், அதன் அறிகுறிகள் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகப் பொது ஆவணங்களில் கிடந்தன. உங்கள் ஊரிலும் நீங்கள் நேசிக்கும் அணி ஒன்று இருக்குமானால், அத்தகைய அறிகுறிகளை எங்கே தேடுவது, எப்படிப் படிப்பது, காலம் இருக்கும்போதே என்ன செய்வது என்பதை ஃபீனிக்ஸின் அனுபவத்தைக் கொண்டு இங்கே எழுதுகிறேன்.

முதலில், எல்லோரும் சொல்லும் விளக்கத்தை ஒதுக்கிவையுங்கள். பாலைவனத்தில் பனிக்கட்டி விளையாட்டு எப்படி நிலைக்கும் என்று வெளியூர்க்காரர்கள் எளிதாகக் கேட்டுவிடுகிறார்கள். தளத்துக்கு அடியில் பதித்த குழாய்களில் குளிரூட்டிய திரவத்தை ஓடவிட்டுத்தான் எந்த ஊர் அரங்கத்திலும் பனிக்கட்டியை உறையவைக்கிறார்கள். வெளியே அடிக்கும் வெயிலுக்கும் அதற்கும் பெரிய தொடர்பில்லை. இதேபோல் பாலைவனத்திலுள்ள லாஸ் வேகஸ் 2017-இல் புதிய அணியைப் பெற்று, 2023-இல் லீகின் சாம்பியன் பரிசான ஸ்டான்லி கோப்பையையும் வென்றது. ஃபீனிக்ஸ் பகுதியின் ஸ்காட்ஸ்டேலில் வளர்ந்த ஆஸ்டன் மேத்யூஸ் லீக் அணிகள் இளம் வீரர்களை எடுக்கும் 2016-ஆம் ஆண்டின் வீரர் தேர்வில் முதலாவதாக எடுக்கப்பட்டார். எனவே வெயிலையும் ரசிகர்களின் ஆர்வத்தையும் காரணமாகச் சொல்வது நியாயமில்லை. கயோட்டீஸுக்கு இல்லாமற்போனது, சரியான இடத்தில், நீண்ட காலத்துக்கு உறுதியான ஓர் அரங்கம்.

ஆகவே உங்கள் அணியைப் பற்றி முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது விளையாடும் கட்டடம் யாருடையது என்பதே. அணியின் உரிமையாளரே அரங்கத்துக்கும் உரிமையாளர் என்றால் ஓரளவு நிம்மதியாக இருக்கலாம். நகராட்சிக்குச் சொந்தமானது என்றால் குத்தகையைப் படிக்க வேண்டும். வேறொரு விளையாட்டுக்காகக் கட்டிய அரங்கத்தில் உங்கள் அணி ஒண்டுக்குடித்தனம் நடத்துகிறது என்றால் அன்றைக்கே கவலைப்படத் தொடங்கலாம். கனடாவின் வின்னிபெக்கிலிருந்து 1996-இல் வந்த கயோட்டீஸ், ஃபீனிக்ஸ் நகரின் நடுவே கூடைப்பந்துக்காகக் கட்டப்பட்ட அரங்கத்தில் குடியேறியது. ஹாக்கித் தளம் கூடைப்பந்துத் தளத்தைவிட மிக நீளமானது என்பதால், மேல்தட்டு இருக்கைகள் பலவற்றிலிருந்து ஒரு பக்கத்துக் கோல் வலையே தெரியாது. பணம் கொடுத்து வந்தவருக்குக் கோல் விழுவது தெரியாத இருக்கையை விற்று, ஓர் அணி எத்தனை ஆண்டுகள் பிழைக்க முடியும்?

அடுத்ததாக ஒரு வரைபடத்தை விரித்துக்கொள்ளுங்கள். சீசன் டிக்கெட் வாங்கக்கூடியவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள், அரங்கம் எங்கே இருக்கிறது, வேலைநாளில் மாலை ஆறு மணிக்கு அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட சாலை எப்படி இருக்கும் என்று பாருங்கள். கயோட்டீஸ் முதலில் ஸ்காட்ஸ்டேலில், மூடப்பட்ட ஒரு பழைய வணிக வளாகத்தின் இடத்தில் அரங்கம் கட்ட எண்ணியது. அத்திட்டம் கைகூடாததால், பெருநகரப் பகுதியின் மேற்கு ஓரத்திலுள்ள கிளெண்டேல் நகருக்குப் போய் 2003-இல் புதிய அரங்கத்தில் ஆடத் தொடங்கியது. அரங்கம் நல்ல அரங்கம்தான், ஹாக்கிக்கென்றே கட்டப்பட்டது. ஆனால் டிக்கெட் வாங்கும் வசதியுள்ள ரசிகர்களில் பலர் ஸ்காட்ஸ்டேல், டெம்பி, சாண்ட்லர் எனக் கிழக்குப் பக்கத்தில் இருந்தார்கள். அலுவலகம் முடிந்து பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, நெரிசலில் பகுதி முழுவதையும் குறுக்கே கடந்து ஆட்டத்துக்குப் போய்வருவது ஒருமுறை இன்பம். ஆண்டுக்கு நாற்பது முறை என்றால் ஒரு குடும்பத்தால் இயலாது. கடைசி வரை இந்த அணியைத் தொடர்ந்த துன்பத்தின் வேர் அந்த இடத்தேர்வில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

குத்தகை ஒப்பந்தத்தைப் படிப்பதுதான் இந்த வழிகாட்டியில் மிக முக்கியமான பகுதி. பெரும்பாலான ரசிகர்கள் செய்யாமல் விடுவதும் இதுவே. நகராட்சிக்குச் சொந்தமான அரங்கத்தின் குத்தகை பொது ஆவணம். நகராட்சி அலுவலகத்தில் கேட்டுப் பெறலாம், நகர மன்றக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலோடு இணைத்தும் வெளியிடுவார்கள். நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருக்கும் என்று மலைக்க வேண்டாம். குத்தகை எந்த ஆண்டு முடிகிறது, அதற்கு முன்பே யார் எந்தக் காரணத்தைச் சொல்லி வெளியேறலாம், அரங்கத்தை நடத்தும் செலவை யார் ஏற்கிறார்கள் என்ற மூன்றை மட்டும் தேடினால் போதும். 2013-இல் கிளெண்டேல் நகரம் புதிய உரிமையாளர்களோடு செய்த 15 ஆண்டுக் குத்தகையை எடுத்துக்கொள்வோம். அரங்கத்தை நடத்துவதற்காக நகராட்சி ஆண்டுக்கு 1.5 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது. ஐந்து ஆண்டுகளில் நட்டம் 5 கோடி டாலரை எட்டினால் அணி வெளியேறலாம் என்ற விதியும் அதே தாளில் இருந்தது. 15 ஆண்டுகள் என்ற எண்ணைப் பார்த்து மகிழ்ந்தவர்கள் அந்த விதியையும் பார்த்திருக்க வேண்டும்.

பிறகு நடந்ததோ யாரும் எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. நகராட்சியின் முன்னாள் அலுவலர் ஒருவர் அணியில் வேலைக்குச் சேர்ந்தது நலமுரண் தடுப்புச் சட்டத்துக்கு மாறானது என்று கூறி, 2015 ஜூனில் நகர மன்றம் 5-2 என்ற வாக்குகளில் குத்தகையை ரத்துசெய்தது. சில வாரங்களில் சமரசம் ஏற்பட்டு, ஆண்டுக்கு 65 லட்சம் டாலர் வீதம் இரண்டே ஆண்டுகளுக்கு ஒரு புதிய ஒப்பந்தம் வந்தது. குத்தகை இப்படித் துண்டு துண்டாகச் சுருங்கத் தொடங்குவதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேறில்லை. அதன்பின் ஆண்டுதோறும் நீட்டித்துக்கொண்டே வந்து, 2021 ஆகஸ்ட்டில், அந்த சீசனோடு முடித்துக்கொள்வதாகக் கிளெண்டேல் அறிவித்துவிட்டது. இதற்காக அந்த நகரத்தைப் பகையாகக் கருதுவது தவறு. 2013-க்கு முன், லீகே அணியை நடத்திய காலத்தில், அணியைத் தக்கவைப்பதற்காக ஒரு சிறிய நகரம் ஆண்டுக்கு 2.5 கோடி டாலர் வீதம் இரண்டு ஆண்டுகள் கொடுத்தது. வரி கட்டும் குடிமக்களின் பணம் அது என்பதை ரசிகர்களாகிய நாமும் மறக்கக் கூடாது.

உரிமையாளரைப் பற்றி விசாரிக்கும்போது, அவர் பேட்டிகளில் சொல்லும் உறுதிமொழிகளை எடைபோட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். அணி எத்தனை முறை கைமாறியிருக்கிறது, நீதிமன்றத்தில் வழக்கு இருக்கிறதா, வாடகையும் வரியும் ஒழுங்காகக் கட்டப்படுகின்றனவா என்று பாருங்கள். 2009-இல் அப்போதைய உரிமையாளர் அணியைத் திவால் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனபோது, கனடியத் தொழிலதிபர் ஜிம் பால்சிலி அதை வாங்கிக் கனடாவின் ஹாமில்டனுக்குக் கொண்டுசெல்ல முயன்றார். நீதிபதி அதை ஏற்கவில்லை. லீகே சுமார் 14 கோடி டாலருக்கு வாங்கி 2013 வரை வைத்திருந்தது. அந்த நிலையற்ற ஆண்டுகளின் நடுவில்தான், 2012-இல், அணி மேற்குப் பிரிவின் இறுதிச் சுற்று வரை சென்றது. நன்றாக ஆடும் அணி ஊரை விட்டுப் போகாது என்ற நம்பிக்கைக்கு எந்த ஆதாரமும் இல்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். 2021 டிசம்பரில், நிலுவையைக் கட்டாவிட்டால் அரங்கத்துக்குள் விடமாட்டோம் என்று நகராட்சியே எச்சரித்த செய்தி வந்தது. நிலுவை கட்டப்பட்டது, ஆனால் அந்தச் செய்தி எதைக் காட்டியதோ அதை எந்த விளக்கத்தாலும் மறைக்க முடியவில்லை.

நிலம் தேடும் கட்டம் வந்துவிட்டால், அங்கேதான் ரசிகர்களின் கைக்கும் ஒரு வேலை வருகிறது. 2022-இல் கயோட்டீஸ், அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் 5,000 இருக்கைகள்கொண்ட மல்லெட் அரங்கத்துக்குத் தற்காலிகமாகக் குடிபெயர்ந்தது. டெம்பி நகராட்சியின் குப்பைக் கிடங்காக இருந்த 46 ஏக்கர் நிலத்தில் 210 கோடி டாலர் செலவில் அரங்கம், குடியிருப்புகள், கடைகள் எல்லாம் கட்டும் திட்டம் ஒன்று முன்வைக்கப்பட்டது. நகர மன்றம் ஒருமனதாக அதை மக்கள் வாக்கெடுப்புக்கு அனுப்பியது. 2023 மே 16 அன்று, திட்டத்துக்கான மூன்று தீர்மானங்களையும் வாக்காளர்கள் நிராகரித்தார்கள். ஏறத்தாழ 56 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். டெம்பியில் வாக்குரிமை இல்லாத பல்லாயிரம் ரசிகர்கள் சுற்றுப்புற நகரங்களிலிருந்து வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தது.

இப்படி ஒரு வாக்கெடுப்பு உங்கள் ஊரில் வந்தால், வாக்களிக்கும் எல்லைக்குள் இருப்பவர்களைத் தேடிச் சென்று பேசுங்கள்; அரங்கத்துக்குள்ளேயே திரும்பத் திரும்ப முழக்கமிடுவதால் பயனில்லை. எதிர்ப்பவர்களின் காரணத்தை முழுமையாகக் கேளுங்கள். டெம்பியில், அந்த நிலம் விமானப் பாதைக்குக் கீழே இருப்பதால் அங்கே வீடுகள் கட்டக் கூடாது என்று விமான நிலையத்தை நடத்தும் ஃபீனிக்ஸ் நகராட்சி எதிர்த்தது. வரிச் சலுகைகள் எவ்வளவு என்று மக்கள் கேட்டார்கள். இந்தக் கேள்விகளுக்கு எண்களோடு பதில் சொல்லத் தெரிந்த ஒரு ரசிகர், நூறு பதாகைகளுக்குச் சமம். பதில் சொல்ல முடியாத கேள்வி இருந்தால், உரிமையாளரிடமே அதை எழுத்தில் கேட்டு, பதிலை எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள்.

அதற்கடுத்த திட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் தேதிகளை வைத்தே மதிப்பிடுங்கள். வடக்கு ஃபீனிக்ஸில் மாநில அரசின் அறக்கட்டளை நிலம் சுமார் 95 ஏக்கரை ஏலத்தில் எடுக்கப்போவதாக அணி அறிவித்தது. அத்தகைய நிலத்தைப் பொது ஏலத்தில்தான் விற்க முடியும். அதில் யாரும் போட்டியிடலாம். ஏலம் 2024 ஜூன் 27 என்றும், குறைந்தபட்ச விலை 6 கோடியே 85 லட்சம் டாலர் என்றும் குறிக்கப்பட்டிருந்தது. ஏலத்தில் வென்று, அனுமதிகள் பெற்று, கட்டி முடிக்க எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று கூட்டிப் பார்த்தவர்களுக்கு, அதுவரை வீரர்கள் ஐயாயிரம் இருக்கை அரங்கத்தில் ஆடப்போவதில்லை என்பது புரிந்திருக்கும். லீக் காத்திருக்கவில்லை. ஏப்ரலிலேயே யூட்டாவின் ரையன் ஸ்மித் தரப்பு 120 கோடி டாலர் கொடுத்து அணியைப் பெற்றுக்கொண்டது; ஏலத்தையும் அரசு ஜூனில் ரத்துசெய்தது.

போவது உறுதியான பிறகு கவனிக்க வேண்டியவை வேறு. அணியின் பெயர், சின்னம், சாதனைப் பட்டியல் ஆகியவை யாரிடம் இருக்கும் என்று கேளுங்கள். யூட்டா அணி புதிய அணியாகவே கணக்கிடப்பட்டது. கயோட்டீஸ் என்ற பெயரும் வரலாறும் யூட்டாவுக்குப் போகவில்லை. ஐந்து ஆண்டுகளுக்குள் அரங்கம் கட்டினால் அணியை மீட்கலாம் என்று பழைய உரிமையாளருக்குத் தரப்பட்ட உரிமையை, ஏலம் நின்றுபோன சில நாட்களில் அவர் துறந்துவிட்டார். அணி திரும்பிவரும் வழியைக் குறித்து நம்பிக்கை வேண்டுமென்றால் வின்னிபெக்கைப் பாருங்கள்: 1996-இல் அணியை இழந்த அந்த நகரம், 2004-இல் புதிய அரங்கத்தைத் திறந்து, 2011-இல் அட்லாண்டாவின் அணியைப் பெற்றது. அரங்கம் முதலில் வந்தது. அணி ஏழாண்டு கழித்து வந்தது.

கடைசியாக, இதைத் தள்ளிப்போடாமல், அணி போகும் செய்தி வந்த அதே வாரத்தில் செய்யுங்கள். உங்கள் பிள்ளை பயிற்சி பெறும் பனிக்கட்டித் தளத்துக்குப் போய், அங்கே இளையோர் பயிற்சிக்கான பணமும் நேரமும் இதுவரை அணியிடமிருந்து எவ்வளவு வந்தன, இனி அவற்றை யார் ஏற்பார்கள் என்று நிர்வாகியிடம் கேளுங்கள். அரிசோனாவில் பல்கலைக்கழக அணி மல்லெட் அரங்கத்திலேயே தொடர்கிறது. அம்மாநிலத்தின் இன்னொரு நகரமான டூசானில், இரண்டாம் நிலை லீகில் ஆடும் ரோட்ரன்னர்ஸ் அணி இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்கான கச்சினாஸ் அமைப்பும் இருக்கிறது. கயோட்டீஸின் முன்னாள் தலைவர் ஷேன் டோனின் மகன் ஜோஷ் டோன், ஸ்காட்ஸ்டேலில் பிறந்து, தன் தந்தை ஆடிய அணிக்காக 2024 மார்ச்சில் ஆடிய முதல் ஆட்டத்திலேயே இரண்டு கோல் போட்டார். அவரைப்போல் இப்போது எட்டு வயதில் ஸ்கேட்டிங் கற்கும் குழந்தைக்கு, அடுத்த மாதமும் அதே தளத்தில் அதே மணிக்கு இடம் உண்டா என்பதை நேரில் கேட்டு, எழுத்தில் பெற்றுக்கொண்டு வாருங்கள்.