கட்சினா உருவங்களைப் புரிந்துகொள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து வடகிழக்கில், மழை அரிதான மேட்டுநிலங்களில் சோளம் பயிரிட்டு வாழும் ஹோப்பி மக்கள் மரத்தில் செதுக்கும் கட்சினா உருவங்களை விளையாட்டுப் பொம்மை என்று கொள்வது முதல் தவறு; தெய்வச் சிலை என்று கொள்வது அதற்கு நேரெதிரான தவறு. கட்சினாக்கள் மேகம், விலங்கு, பயிர், முன்னோர் எனப் பலவற்றின் உயிராற்றலாக விளங்கி, மழை வேண்டும் மக்களின் வேண்டுதலைச் சுமந்து செல்பவர்கள். அவர்கள் குளிர்காலத்தில் ஊருக்கு வந்து, ஜூலையில் நடக்கும் நிமான் சடங்குக்குப் பின் அரிசோனாவிலேயே உள்ள சான் பிரான்சிஸ்கோ சிகரங்கள் என்னும் மலைகளுக்குத் திரும்புவதாக ஹோப்பிகள் நம்புகிறார்கள். அவ்வாறு வந்திருக்கும் கட்சினாக்களே, முகமூடி அணிந்து ஆடுபவர்களின் வடிவில், சிறுமிகளுக்கு இவ்வுருவங்களைப் பரிசளிக்கிறார்கள். ஹோப்பி மொழியில் 'திஹு' எனப்படும் அந்தப் பரிசு வீட்டுச் சுவரில் தொங்கவிடப்படும். அதை நாள்தோறும் பார்த்தே குழந்தை ஒவ்வொரு கட்சினாவையும் அடையாளம் காணக் கற்கிறது.

'கச்சினா' என்ற உச்சரிப்பும் வெளியார் வழக்கே. ஹோப்பி மொழியில் அந்த 'ச்ச' ஒலி இல்லை.

ஒரு நிறத்துக்கு ஒரே பொருள் என்று பட்டியல் போடுவதையும் தவிர்க்க வேண்டும். மஞ்சள் வடமேற்கையும், நீலப்பச்சை தென்மேற்கையும், சிவப்பு தென்கிழக்கையும், வெள்ளை வடகிழக்கையும் குறிக்கும் என்பது உண்மைதான். எனினும் முகத்தின் குறிகள், இறகுகள், கையிலுள்ள பொருள் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால்தான் இன்ன கட்சினா என்று சொல்ல முடியும். அதுவும் ஊருக்கு ஊர் மாறும்.

மிகவும் வருத்தம் தரும் தவறு, சடங்கு முகமூடியையும் செதுக்கிய உருவத்தையும் ஒன்றாக எண்ணுவது. உருவங்களை ஹோப்பிக் கலைஞர்கள் தாங்களே விற்கிறார்கள். முகமூடிகளையோ உயிருள்ள நண்பர்களாக மதிக்கிறார்கள். 2013 ஏப்ரலில் அவர்களின் எதிர்ப்பை மீறிப் பாரிஸில் அவை ஏலம் விடப்பட்டன. அதே ஆண்டு டிசம்பர் ஏலத்தில் அமெரிக்காவின் அன்னன்பெர்க் அறக்கட்டளை 24 புனிதப் பொருள்களை வாங்கி, உரிய மக்களிடமே திருப்பித்தர முன்வந்தது.

வாங்க விரும்புவோர் செதுக்கியவரின் பெயரையும் ஊரையும் கேட்டறிய வேண்டும். ஹோப்பிகள் மரபாகக் காட்டன்வுட் மரத்தின் வேரில் செதுக்குகிறார்கள். பிறர் செய்யும் போலிகளும் சந்தையில் உண்டு. ஹோப்பி அல்லாதவர் செய்ததை ஹோப்பிக் கலைப்பொருள் என்று கூறி விற்பது 1990-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டப்படி குற்றமாகும்.