"நீ மற்ற ஆக்கள் மாதிரி இல்லை" என்று சொல்லாதீர்கள்

வவுனியாவில் படித்த காலத்தில் என் சிங்களச் சிநேகிதி ஒருநாள் தேத்தண்ணிக் கடையில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், "உன்னைப் பார்த்தால் தமிழ் ஆள் என்றே சொல்ல ஏலாது." அன்போடுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். இரவு விடுதியில் படுத்த பிறகுதான் அது உறுத்தியது. அப்படியென்றால் தமிழ் ஆக்களை எப்படி நினைத்து வைத்திருந்தாள்? கிளிநொச்சியில் இருக்கிற என் அம்மா அவள் கண்ணுக்கு எப்படித் தெரிவார்?

வேறு இனத்து நண்பர்களிடம் செய்கிற தவறுகளில் இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பாராட்டாக வருவதால் பிழை பிடிபடுவதில்லை. ஒருத்தரை மட்டும் மேலே தூக்கி, அவருடைய சனத்தைக் கீழே தள்ளிவிடுகிறோம். நானும் செய்திருக்கிறேன். "நீ மற்றச் சிங்கள ஆக்கள் மாதிரி இல்லை" என்று அவளிடமே எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். அப்புறம்தான் தெரிந்தது, அவளுடைய அண்ணன் இராணுவத்தில் இருக்கிறார் என்பதை இரண்டு வருசமாக என்னிடம் சொல்லாமலே இருந்திருக்கிறாள். சொன்னால் அந்த 'மற்ற ஆக்கள்' கணக்கில் சேர்த்துவிடுவேனோ என்ற பயம். "உன்னை எனக்குப் பிடிக்கும்" என்று சொல்லியிருந்தாலே போதும்.

இன்னொன்று, அசலா என்று சோதிப்பது. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து நிறையக் குடும்பங்கள் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறின. இங்கேயே பிறந்த அவர்களுடைய பிள்ளைகளிடம் இன்னும் "உங்கட சொந்த ஊர் எது?" என்று கேட்கிறோம். 1990 ஒக்டோபரில் புலிகள் வெளியேற்றிய முஸ்லிம் குடும்பங்கள் முல்லைத்தீவுக்கும் மன்னாருக்கும் திரும்பி வந்தபோது, "நல்லாத் தமிழ் கதைக்கிறீங்களே" என்றவர்கள் உண்டு. தமிழ் அவர்களுடைய தாய்மொழி. அகதியாகப் புத்தளத்தில் இருந்தபோதும் வீட்டில் அதைத்தான் பேசினார்கள்.

சரி, ஏற்றுக்கொள்ள வேண்டுமே என்று நம்மை நாமே மறைப்பதும் தவறுதான். 2019இல் பௌத்தர்கள் புத்தர் பிறந்ததைக் கொண்டாடும் வெசாக் போயா, போரின் கடைசியில் முள்ளிவாய்க்காலில் செத்தவர்களை நாங்கள் நினைவுகூரும் மே 18இலேயே வந்தது. வீட்டில் வெசாக் விளக்குக் கூடு கட்டப்போகிறோம், வா என்று அந்தச் சிநேகிதி கூப்பிட்டாள். எனக்குத் தலையிடி என்று பொய் சொல்லிவிட்டு முள்ளிவாய்க்காலுக்குப் போய் மாமாவுக்கு விளக்கேற்றினேன். பிறகு வேறொருவர் சொல்லி அறிந்தவள் இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை. நான் வராதது அவளுக்குக் கவலையில்லை. உண்மையைச் சொன்னால் விளங்கிக்கொள்ள மாட்டாள் என்று நான் முடிவு கட்டியதுதான் அவளுக்கு வலித்திருக்கிறது.

கடைசியில் எல்லாவற்றையும் சொன்னேன், மாமா எப்படிச் செத்தார் என்பதையும். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவள், அன்றைக்கு என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டாள். போரின் கடைசி நாட்களில் அங்கே சனம் குடித்த கஞ்சி என்றேன். அதற்குள் என்ன போடுவீர்கள் என்றாள். அரிசி, தண்ணீர், உப்பு என்றேன்.