மூக்குக் குழாய் வழியே உணவு கொடுப்பது எப்படி?

தீவிர சிகிச்சை முடிந்து அப்பா பெரம்பூர் வீட்டுக்கு வந்த அன்று, வேட்டி கட்டிவிடும்போதுதான் அவர் தொடையைப் பார்த்தேன். தோல் தொங்கியது, உள்ளே பிடிப்பதற்குச் சதையே இல்லை. குழாயில் வேளை தவறாமல் உணவு போயிருந்தும் ஏன் இப்படி? உடல் முழுக்க அழற்சி, கூடவே அசையாத படுக்கை: இரண்டும் சேர்ந்து தசையைக் கரைத்துவிடுகின்றன. 2013-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், இத்தகைய நோயாளிகளின் தொடைத் தசை பத்தே நாளில் ஏறத்தாழ 18 விழுக்காடு சுருங்கியிருந்தது. ஆகவே யார் மீதும் பழி போடாமல், வீட்டில் செய்ய வேண்டியதைக் கற்றுக்கொள்வோம்.

முதலில் குழாய். மூக்கின் விளிம்பில் போட்ட பேனாக் குறி அதே இடத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். குறி நகர்ந்திருந்தாலோ, இருமலோ மூச்சுத்திணறலோ வந்தாலோ ஒரு சொட்டுகூட ஊற்றாமல் மருத்துவமனையை அழையுங்கள். காற்றைச் செலுத்தி வயிற்றில் சத்தம் கேட்டுப் பார்ப்பதை நம்பாதீர்கள். குழாய் நுரையீரலுக்குள் போயிருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கலாம்.

தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்துங்கள். குழாயை மடக்கிப் பிடித்துக்கொண்டு, அழுத்தும் தண்டு நீக்கிய 50 மில்லி சிரிஞ்சைப் பொருத்துங்கள். காய்ச்சி ஆறிய தண்ணீர் 30 மில்லி ஊற்றி, பிறகு உணவை ஊற்றுங்கள். அது தன் எடையிலேயே இறங்க வேண்டும். தண்டை வைத்து அழுத்தக் கூடாது. 200 மில்லிக்கு இருபது நிமிடமாவது ஆகட்டும். முடிந்ததும் மறுபடி 30 மில்லி தண்ணீர். ஒரு மணி நேரம் படுக்க வைக்காதீர்கள்.

நம் வீடுகளில் பெரிதும் தவறுவது உணவில்தான். அரிசிக் கஞ்சித் தெளிவு வயிற்றை நிரப்பும், தசைக்கு உதவாது. தீவிர சிகிச்சையில் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.3 கிராம் புரதம் என்பது ஐரோப்பிய வழிகாட்டல்; 60 கிலோ ஆளுக்கு 78 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான், ஒரு தம்ளர் பாலிலும் ஏறக்குறைய அவ்வளவே. வீட்டுக்கு வந்தவருக்கு எவ்வளவு என்பதை உணவியல் வல்லுநர் எழுதித் தரட்டும். நாமாகக் கூட்டவும் வேண்டாம்: 2023-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், மிக அதிகப் புரதம் பெற்றவர்கள் விரைவாகக் குணமடையவில்லை, சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தீங்கும் தென்பட்டது. சென்னை வெயிலில் காலையில் காய்ச்சியதை மதியம் வரை வெளியே வைக்காதீர்கள். மாத்திரையைப் பொடிக்கலாமா என்று மருந்தாளுநரைக் கேளுங்கள். மெதுவாகக் கரையும் வகையைப் பொடிக்கவே கூடாது.

கடைசியாக, அசைவு. மருத்துவர் அனுமதித்ததும், உணவுக்கு முன்பே இதைச் செய்யுங்கள். அப்பாவின் உள்ளங்காலில் என் கையை வைத்து, "தள்ளுங்கள் அப்பா" என்பேன். முதல் வாரம் விரல்கள் மட்டும் மடங்கின. மூன்றாம் வாரம், ஒரு காலையில், என் கை பின்னால் நகர்ந்தது.