இன்வைட் கிடைத்தவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் எங்கள் அலுவலகத்தில் புதிதாக ஆள் எடுக்க வேண்டியிருந்தது. ஒரு கட்டு ரெஸ்யூம்களை என் மேசைக்குத் தள்ளிவிட்டார்கள். புரட்டினால், ஏழெட்டுப் பேர் 'எர்லி ஆக்சஸ் யூசர்' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். இன்னும் எல்லோருக்கும் திறக்காத ஏதோ ஒரு ஏஐ கருவிக்குள் இவர்களை முன்னாலேயே விட்டிருக்கிறார்களாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிட்டத்தட்ட இதே வரியை ஒரு காலத்தில் நானும் எழுதியவன்.

எழுத்துப்பிழை, தப்பான போன் நம்பர் பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அதை உங்கள் பிளேஸ்மென்ட் ஆபீசர் சொல்லியிருப்பார்.

பணம் கொடுத்து இன்வைட் கோட் வாங்குவது

2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் வந்தபோது அழைப்பு இல்லாமல் உள்ளே போக முடியாது. ஹாட்மெயில் மின்னஞ்சலுக்கு 2 எம்பி இடம் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் 1 ஜிபி என்றார்கள். ஈபேயில் அழைப்புகள் ஏலத்துக்கு வந்தன. காசு கொடுத்து வாங்கினார்கள். 2007 பிப்ரவரியில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். அப்புறம் உங்கள் இஷ்டம்.

உள்ளே நுழைந்ததையே திறமை என்று நினைப்பது

இதைப் பற்றி நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல்தான்.

2009-ல் நான் பொறியியல் கடைசி வருடம். அந்த மே மாதம் கூகுள் வேவ் அறிமுகமானது. கூகுள் மேப்ஸுக்கு வித்திட்ட ராஸ்முசன் சகோதரர்கள் சிட்னியில் உருவாக்கியது. மின்னஞ்சல், சாட், ஆவணம் மூன்றும் ஒரே இடத்தில். ஒருவர் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் அடுத்தவர் திரையில் அப்போதே தெரியும். செப்டம்பர் 30 அன்று ஒரு லட்சம் பேருக்கு அழைப்பு அனுப்ப ஆரம்பித்தார்கள். யார் யாரையோ கெஞ்சி, நவம்பரில் எனக்கும் ஒன்று வந்தது. ஹாஸ்டலில் ஒரு வாரம் நான்தான் ராஜா.

நான்கு மாதம் அதிலேயே கிடந்தேன். என்ன செய்தேன்? நண்பர்களை உள்ளே இழுத்தேன், நிறம் மாற்றினேன், கேட்ஜெட் என்ற குட்டிச் செயலியைப் போட்டு வாக்கெடுப்பு நடத்தினேன். ஒரு வரி நிரல் எழுதவில்லை. ஆனால் ரெஸ்யூமில் முதல் வரியே அதுதான்.

மார்ச் மாதம் சென்னையில் ஒரு நேர்முகத் தேர்வு. எதிரே இருந்தவர் அந்த வரியைப் பார்த்துவிட்டு உற்சாகமாக நிமிர்ந்தார். "ரெண்டு பேர் ஒரே வரியில ஒரே நேரத்துல டைப் பண்ணா, எழுத்து ஏன் குழம்பறதில்ல?" என்று கேட்டார். நான் 'கூகுள் சர்வர் ரொம்ப வேகம்' என்பது போல ஏதோ உளறினேன். "அப்போ யூஸ் பண்ணிருக்கீங்க, அவ்வளவுதானே?" என்றார். வேலை போச்சு.

பதில் அப்படியொன்றும் ராணுவ ரகசியம் இல்லை. நான் 5-வது எழுத்தை அழிக்கிறேன்; அதே நொடியில் நீங்கள் தொடக்கத்தில் ஓர் எழுத்தைச் சேர்க்கிறீர்கள். என் கட்டளை உங்கள் திரைக்கு வரும்போது நான் அழிக்க நினைத்த எழுத்து 6-வது இடத்துக்கு நகர்ந்திருக்கும். அதனால் 5 என்பதை 6 என்று திருத்தி நிறைவேற்ற வேண்டும். ஆபரேஷனல் டிரான்ஸ்ஃபர்மேஷன் என்பார்கள். வேவில் அது எப்படி நடக்கிறது என்று விளக்கும் கட்டுரையை அவர்களே இணையத்தில் வெளியிட்டிருந்தார்கள். அதைப் படிக்க யாருடைய அழைப்பும் தேவையில்லை! எனக்கு வேலை வாங்கித் தந்திருக்கக்கூடிய விஷயம் வாசலுக்கு வெளியே கிடந்தது. நான் உள்ளே போக வரிசையில் நின்றேன்.

அந்த ஆகஸ்டில் வேவை மேற்கொண்டு வளர்க்கப்போவதில்லை என்று கூகுள் அறிவித்தது. செய்தியைப் படித்தபோது நான் வேலையில்லாமல் வீட்டில் இருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அழைப்பு என்பது பெரும்பாலும் ரேஷன் கடை டோக்கன் மாதிரி. ஜிமெயில் தொடங்கியபோது அதற்குக் கிடைத்தது கூகுளில் வேறு யாரும் சீண்டாத சுமார் 300 பழைய பென்டியம் 3 கணினிகள். எல்லோரையும் விட்டால் தாங்காது, அதனால்தான் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள். ஒன்பிளஸ் 2014 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்தபோது அழைப்பு இருந்தால்தான் போன் வாங்க முடியும் என்றதும் கையிருப்புக் கணக்குதான். டோக்கன் கையில் இருப்பதற்கும் சமைக்கத் தெரிவதற்கும் என்ன சம்பந்தம்?

எல்லா வெயிட்லிஸ்டிலும் பெயர் கொடுப்பது

வேண்டாம்.

ஸ்கிரீன்ஷாட் போடுவது

வெளியே காட்டக்கூடாது என்று விதிமுறையில் இருந்தால் காட்டாதீர்கள். எந்தக் கணக்கிலிருந்து கசிந்தது என்று அவர்கள் கண்டுபிடிப்பார்கள்.

அறிமுக விழாவுக்கு ரெஸ்யூமோடு போவது

நானும் ஒருமுறை போனேன், அயர்ன் செய்த சட்டையோடு. வாசலில் நின்றவர்கள் விழா நடத்தும் ஏஜென்சி ஆட்கள். உள்ளே கைகுலுக்கியவர்கள் மார்க்கெட்டிங். பொறியாளர் ஒருவர்கூடக் கண்ணில் படவில்லை. சமோசா நன்றாக இருந்தது.

பழுதைப் பார்த்தும் சும்மா இருப்பது

உள்ளே போய்விட்டீர்கள், சரி. அங்கே ஏதாவது உடைந்திருக்கும். உடையத்தான் உங்களை விட்டிருக்கிறார்கள்.

அந்த ஏழெட்டுப் பேரில் ஒரு பெண் மட்டும் 'எர்லி ஆக்சஸ்' வரிக்குக் கீழே இன்னொரு வரி எழுதியிருந்தார். அந்தக் கருவியில் 'கொ' என்று தேடினால் சில இடங்களில் அகப்படவில்லையாம். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யுனிகோடில் 'கொ'வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாக, அல்லது ககரத்தோடு கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். தேடும்முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர மறந்துவிட்டார்கள். எப்படித் தட்டினால் பழுது வரும் என்று படிப்படியாக எழுதி அனுப்பியிருக்கிறார். திருத்திவிட்டோம் என்று பதிலும் வந்திருக்கிறது.

மற்ற ரெஸ்யூம்களை ஓரமாக வைத்துவிட்டு அவருக்கு போன் போட்டேன்.