கொறங்காட்டுல நெருஞ்சி வந்துடுச்சா? இப்படிப் பண்ணுங்க

காங்கயம், தாராபுரம் பக்கம் கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காடு வச்சு ஆடு மாடு மேய்க்கிறவங்களுக்கு இது. செம்மறி திடீர்னு நொண்டுச்சுன்னா குளம்பு நடுவுல விரிச்சுப் பாருங்க, எங்க காட்டுல பெரும்பாலும் நெருஞ்சி முள்ளுதான் ஏறி நிக்கும். இது பார்த்தீனியம் மாதிரி வெளிய இருந்து வந்த களை இல்லீங்க, நம்ம மண்ணோடதுதான், மருந்துக்கும் ஆகும், ஆனா மேய்ச்சல் காட்டுல விட்டு வைக்கக் கூடாது.

தரையோட தரையா நாலாபக்கமும் படரும். இலை புளிய இலை மாதிரி பொடிசா ரெண்டு வரிசையா இருக்கும், எதிரெதிரா வர்ற ரெண்டு இலையில ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசு, அதைப் பாத்தாலே தெரிஞ்சிடும். மஞ்சப் பூ, 5 இதழ். காய் காஞ்சதும் 5 துண்டா உடையும், ஒரு துண்டுக்கு 2 பெரிய முள்ளு, எப்படி விழுந்தாலும் ஒண்ணாவது மேல பாத்து நிக்கும். யானை நெருஞ்சி வேற, அதோட இலை சதையா இருக்கும், தண்ணில போட்டுக் கலக்குனா வழவழன்னு ஆயிடும்.

மழை பேஞ்சு முளைச்சா 3 வாரத்துலயே பூக்க ஆரம்பிச்சிடும், அதனால மஞ்சப் பூ கண்ணுல பட்ட அன்னைக்கே எறங்கிடுங்க, மண்ணு ஈரமா இருக்கறப்ப நடு வேரைப் பிடிச்சு இழுத்தா முழுசா வரும், இல்லைன்னா களைக்கொத்தால மண்ணுக்குக் கீழ வேரை வெட்டுங்க, மேலாக் கொடியை மட்டும் அறுத்தா திரும்பத் துளிர்க்கும். காய் புடிச்ச செடியை வரப்புல வீசாதீங்க, சாக்குல போட்டுக் கொண்டுபோய் எரிச்சிடுங்க. உதிர்ந்த முள்ளுக்கு நனைச்ச பழைய சாக்கைத் தரையில இழுத்துட்டுப் போனா குத்திக்கிட்டு வந்துடும். விதை பல வருசம் மண்ணுல கெடக்கும், ஒரு வருசத்தோட விட்றாதீங்க.

2,4-டி களைக்கொல்லி அடிச்சா இளஞ்செடி சாகும்தான், ஆனா கூடவே ஆடு மாடு மேயற நரிப்பயறுக் கொடியும் போயிடும், பக்கத்துல பருத்தி இருந்தா அதுவும் கெடும், அதனால நான் கையாலதான் பிடுங்குறேன்.

வாடுன நெருஞ்சியைச் செம்மறி நெறைய மேஞ்சா ஈரல் கெட்டு, வெயில் பட்டதும் மூஞ்சியும் காதும் வீங்கிடும். உடனே நெழல்ல கட்டிட்டு கால்நடை டாக்டரைக் கூப்பிடுங்க.

வெறுந்தரையாக் கெடக்குற எடத்துலதான் இது படருது. பிடுங்குன எடத்துல மழைக்கு முன்னாடி கொழுக்கட்டைப்புல் விதையைத் தூவி, புல்லு நல்லா வேர் பிடிக்கிற வரைக்கும் அந்தக் காட்டுப் படலைச் சாத்தியே வைங்க.